தண்ணீர் லாரியும் கேமரா புத்தகமும்

கேமரா கடைக் கவுண்டரில் நிற்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்திருக்கும். ஒருவர் டிஜிட்டல் கேமராவைக் கையில் வாங்கியிருப்பார், பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை நாலு பக்கம் புரட்டியிருப்பார், முகம் சுருங்கியிருக்கும். "இதுக்குத் தனியா ஒரு புக் வாங்கணுங்களா?" என்று கேட்டிருப்பார். நீங்களும் பின்னால் இருக்கும் அலமாரியைக் காட்டியிருப்பீர்கள். 'புதிதாகப் படமெடுப்பவர்களுக்கு' என்று அட்டையில் போட்ட பளபளப்பான புத்தகங்கள் அங்கே இருக்கும். ஒன்று விற்றால் உங்களுக்கும் கமிஷன் உண்டு. எனக்கும் இருந்தது.

நான் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கேமரா கடையில் தொண்ணூற்றொன்றில் சேர்ந்தவள். ஃபிலிம் ரோலை வாங்கி, உறையில் பெயர் எழுதி, லேபுக்கு அனுப்புவது வேலை. டிஜிட்டல் வந்தபோது கவுண்டர் முழுக்க என் பொறுப்பாகிவிட்டது. கடையில் எல்லோருக்கும் நான் ரோஸி மேடம். எனக்கு வாய் நீளம் என்று முதலாளி சொல்வார். நீளம்தான். கடையில் பாதி வியாபாரம் அந்த வாயால் நடந்தது என்பதை அவர் சொல்ல மாட்டார், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. புத்தகம் நல்லதுதான். யாருக்கு, எப்போது என்பதுதான் பேச்சு. அதை எனக்கு முதலில் காட்டியவர் ஃபிலிம் காலத்து வாடிக்கையாளர் ஒருவர். பெரிய தொழிற்சாலையில் இன்ஜினீயர். கேமராவோடு வந்த கையேட்டை அடிக்கோடு போட்டுப் படித்தவர். குடும்பத்தோடு தெற்கே கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு வந்து ரோலைக் கொடுத்தார். கழுவிப் பார்த்தால் ஃபிலிமில் ஒன்றுமே இல்லை, கண்ணாடி போல வெறுமையாக இருந்தது. லேபில் கெடுத்துவிட்டீர்கள் என்று கடையே அதிரக் கத்தினார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன், ரோலை எங்கே வைத்து மாட்டினீர்கள் என்று. ஓடுகிற பஸ்ஸில் என்றார். ஃபிலிமின் நுனி உள்ளே இருக்கும் சக்கரத்தில் மாட்டவே இல்லை. ஷட்டர் மட்டும் டக் டக்கென்று அடித்திருக்கிறது, ஃபிலிம் நகரவில்லை.

அவர் படித்த கையேட்டில் ரோல் மாட்டுவதற்குப் படத்தோடு பக்கம் இருந்தது. எழுதியவர் கேமராவை மேசை மேல் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இவர் அதைப் பஸ்ஸில், மடியில் குழந்தையோடு மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து யார் கேமரா வாங்கினாலும் எங்கே வைத்துக்கொள்வீர்கள், எதற்கு எடுப்பீர்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது. ரோஸி மேடம் ஊர்க்கதை கேட்கிறார் என்று கடையில் கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி விமலாவின் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் காலை என் வயதுள்ள ஒரு பெண் கவுண்டருக்கு வந்து முந்தானையில் சுற்றிவைத்திருந்த ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்து வைத்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவர். வீட்டுக்காரம்மா புதிதாக ஒன்று வாங்கியதால் பழையதை இவருக்குக் கொடுத்துவிட்டார்.

"பொட்டி இல்ல, புக்கு இல்ல மேடம். இதுக்கு ஒரு புக்கு குடுங்க. தமிழ்ல இருந்தா நல்லது, கன்னடமும் ஓடும்" என்றார்.

எங்கள் அலமாரியில் இருந்தவை எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் நின்ற கடைப் பையன் அதில் ஒன்றை எடுத்து நீட்டியும் விட்டான். நான் அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன், எதற்குப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று.

காக்ஸ் டவுனில் ஒரு பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். விமலாவின் வீடும் அதில் ஒன்று. வீட்டு வேலை, பெயின்ட் வேலை, ஆட்டோ ஓட்டுவது என்று அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்கள். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள், வீடுகள் போகும், அதற்குப் பதிலாக மாற்று வீடு தருவார்கள். ஆனால் இப்போது அங்கே குடியிருக்கிறோம் என்று ஒவ்வொரு குடும்பமும் காட்ட வேண்டும். வாசலில் குடும்பத்து ஆள் நிற்க வேண்டும், கதவு எண் தெரிய வேண்டும், படத்திலேயே தேதி இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு வீடு இல்லை. தெருப் பெண்கள் கூடிப் பேசி, விமலாவிடம் கேமரா இருக்கிறது, விமலாவே எடுக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதற்குப் புத்தகம் வேண்டாம் என்று சொன்னேன். கவுண்டருக்கு உள்பக்கம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தேதியை நானே சரியாக வைத்து, படத்தின் மூலையில் தேதி விழும்படி செய்து கொடுத்தேன். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள், அமுக்கும்போது மூச்சை அடக்குங்கள், அவ்வளவுதான். கடை வாசலில் நின்ற என்னையே நாலு படம் எடுத்தார். நாலும் நன்றாக இருந்தன. அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முதலாளி மட்டும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முறைத்தார், ஒரு புத்தகம் விற்கவில்லையே என்று.

சில நாள் கழித்து மதிய நேரத்தில் விமலா மறுபடி வந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை. கையில் ஒரு கட்டு போட்டோ இருந்தது. எங்கள் லேபில் பிரின்ட் போட்டதுதான், என் வார விடுமுறை நாளில் வந்து வாங்கிப் போயிருக்கிறார். படங்கள் ஒவ்வொன்றும் தெளிவு. வாசல், கோலம், கதவு எண், நிமிர்ந்து நிற்கும் குடும்பம். ஆனால் மூலையில் இருந்த தேதி மூன்று வருடத்துக்கு முந்தைய ஜனவரி முதல் நாள். எல்லாப் படத்திலும் அதே புத்தாண்டு தினம்.

மாற்று வீட்டுக்கு இந்தப் படங்களை வாங்கும் அலுவலகத்தில் கிளார்க் ஒரு படத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். இடுப்பில் ஒரு குழந்தை. ரேஷன் கார்டில் அந்தக் குழந்தை பிறந்தது போன வருடம். பிறக்காத பிள்ளை எப்படி அம்மா இடுப்பில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்திருக்கிறீர்கள் என்று சொல்லி, அந்த ஒரு படத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அலுவலகம் மூடுவதோடு படங்களை வாங்குவது முடிகிறது.

முதலாளி வெளியே வந்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன். ஒரு புக்கை வித்திருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தேதியை வைத்தது நான். சரியாக வைத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விமலாவைப் பார்த்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் வரும். பயந்திருப்பவர்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது. அதனால் கேமராவை வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே அடிப்பக்க மூடியைத் திறந்தேன். பேட்டரி செல் இருக்க வேண்டிய இடம் காலி.

"செல்லு எங்கேம்மா?"

"ரேடியோல இருக்கு மேடம். படம் எடுக்கசொல்ல எடுத்து இதுல போட்டுக்குவேன். சும்மா உள்ளயே வெச்சா செல்லு தீந்துடும் இல்ல?"

நம் வீடுகளில் எல்லாம் செய்வதுதான். டார்ச்சில் இருக்கும் செல் கடிகாரத்துக்குப் போகும், கடிகாரத்தில் இருப்பது ரேடியோவுக்குப் போகும். சும்மா கிடக்கும் செல்லை உள்ளே விட்டுவைத்தால் வீண் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் காலத்துக் கேமராவில் செல்லைக் கழற்றி ஓரிரு நாள் வைத்தால் அது தேதியை மறந்துவிடும், தொழிற்சாலையில் வைத்த முதல் தேதிக்கே போய்விடும். மறுபடி செல்லைப் போட்டதும் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது. ஒரு பட்டனை அமுக்கினேன், போய்விட்டது என்றார் விமலா. தேதி என்ன என்றுதான் அது கேட்டிருக்கிறது.

நான் முதலாளியிடம் அலமாரிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, இதில் செல்லைப் பற்றி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். சூரிய அஸ்தமனம் எடுப்பது எப்படி என்று ஒரு அத்தியாயம் இருந்தது. பூவை எடுப்பது எப்படி என்று இன்னொன்று. அவர் அட்டை வரை புரட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தார்.

லேபில் பிரின்ட் போடும் ஜோசப் நல்ல வேலைக்காரர். நிறம் பார்ப்பார், தெளிவு பார்ப்பார், மூலையில் இருக்கும் தேதி வாடிக்கையாளர் பாடு என்று விட்டுவிடுவார். அவர் ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டரில் பழைய தேதியை அழித்து இன்றைய தேதியைப் போட்டுவிடலாம், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவேன் என்றார். முதலாளி உடனே தலையாட்டினார். காசு வாங்காமலே போட்டுக் கொடு என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. விமலா என் முகத்தைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட மாட்டேனா என்றுதான் அந்தப் பார்வை.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறேன். எதிரே நிற்பவர் தவிக்கும்போது எது சீக்கிரம் முடியுமோ அதுதான் உதவி என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கிளார்க் வைத்துக்கொண்ட அந்த ஒரு படம் என் மனதில் நின்றது.

"அவர்கிட்ட ஒரு போட்டோ இருக்கு ஜோசப். அதே கோலம், கொடியில அதே புடவை, தேதி மட்டும் வேறன்னு இன்னொண்ணு போனா பக்கத்துல வெச்சிப் பாப்பார். அப்புறம் ஒரு வீடு இல்ல, வரிசை மொத்தமும் போயிடும்" என்றேன்.

இருப்பது ஒரே வழி, போய்த் திரும்ப எடுப்பது. விமலா தயங்கினார். வேலை நாள், வரிசையில் பாதி வீடு பூட்டியிருக்கும், பெண்கள் எல்லாம் காக்ஸ் டவுனிலும் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் வீடு வீடாக வேலையில் இருப்பார்கள், ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும் என்றார். நானும் வருகிறேன் என்று கடையிலிருந்து புது செல் எடுத்துப் போட்டேன், தேதி வைத்தேன். கவுண்டரை விட்டுப் போனால் நாளைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொன்னது என் காதில் விழுந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ஆட்டோவில் விமலா கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் இஸ்திரி வண்டி ஒன்று நின்றது. சட்டென்று ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, இஸ்திரிக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, துணி வாங்க வந்திருந்த வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் அடுத்த காம்பவுண்டைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒரு மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். விமலா சொன்னது இதுதான்: தண்ணி லாரி வந்துக்கினு இருக்கு.

விமலாவின் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் கிடையாது. லாரி எந்த நாள் வரும், எந்த நேரம் வரும் என்று லாரி டிரைவருக்கே தெரியாது. அதனால் அங்கே ஒரு ஏற்பாடு. லாரி என்ற சொல் இஸ்திரி வண்டிக்கு வந்தால் போதும், வாட்ச்மேன், தோட்டக்காரர், காய் வண்டிக்காரர் என்று கைமாறி எல்லா வீட்டுச் சமையலறைக்கும் போய்விடும். எந்த வீட்டுக்காரம்மாவும் அதற்கு மட்டும் தடை சொல்ல மாட்டார். வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வருவார்கள்.

ஓடி வந்தார்கள். கையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் செருகிய சேலையோடு. பூட்டுகள் திறந்தன, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் குடங்கள் வெளியே வந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள், ஒரு குடம். லாரி மட்டும் இல்லை. படத்தில் பொய்த் தேதி போடக் கூடாது என்று கடையில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு வந்தவள் நான். இந்த லாரிப் பொய்க்கு வாயைத் திறக்கவே இல்லை. லாரி எங்கே என்று ஒரு அம்மாள் விமலாவை வாயில் வந்தபடி திட்டத் தொடங்கினார். விமலா கேமராவைத் தூக்கிக் காட்டினார்.

"லாரி வரலக்கா. வூடு வரப்போவுது. கொடத்தோட அப்டியே நில்லு."

கேமராவை நான் கேட்கவில்லை. எந்த வீடு யாருடையது, எந்தக் கதவின் எண் அழிந்து கரியில் எழுதியிருக்கிறது, யாரை எங்கே நிறுத்தினால் எண் மறையாது என்பதெல்லாம் விமலாவுக்குத் தெரியும். முதல் படத்தை எடுத்ததும் திரையில் மூலையைப் பார்த்தேன். அன்றைய தேதி. அதற்குப் பிறகும் ஒவ்வொரு படத்துக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. கிளார்க்கிடம் மாட்டிய அந்தக் குழந்தை இப்போதும் அம்மாவின் இடுப்பில் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் குடம். எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் விமலாவின் வீட்டுக்குப் படம் இல்லை என்று தெரிந்தது. எடுக்கிறவர் படத்தில் நிற்க முடியாதே. அந்த வரிசையில் நான் எடுத்தது அந்த ஒன்று மட்டும்தான். அவர் கையில் பச்சைக் குடம், பின்னால் ஜன்னலில் அந்த ரேடியோவும் விழுந்திருக்கிறது.

ஜோசப் எங்களுக்காக மெஷினைத் தயாராக வைத்துக் காத்திருந்தார். சூடு ஆறாத பிரின்டுகளோடு நானும் விமலாவோடு அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் மேசையில் வைத்திருந்த பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நான் நினைத்தது நடந்துவிட்டது. வேறு கோலம், வேறு புடவை, வேறு வெளிச்சம். கேமராவைக் கேட்டு வாங்கித் திரையிலும் பார்த்தார். செல் விஷயத்தை மறைக்காமல் சொன்னோம். தன் வீட்டு டார்ச்சிலும் செல் இருக்காது என்று அவர் கன்னடத்தில் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார், ஏன் எல்லார் கையிலும் குடம் என்று. விமலா லாரிக் கதையைச் சொன்னார். அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் அவர் முத்திரையைக் குத்தினார். ஒவ்வொரு முத்திரைக்கும் விமலாவின் உதடு அசைந்தது, வீட்டுக்காரர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வழக்கம் போலக் கடைக்குப் போனேன். முதலாளியும் வழக்கம் போல அலமாரிச் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டே சொன்னேன், எனக்கு ஒரு தாள் அச்சடித்துத் தர வேண்டும் என்று. ஒரு பக்கத்தில் தமிழ், மறுபக்கத்தில் கன்னடம். செல்லைக் கழற்றி வேறெதிலும் போடாதீர்கள், போட்டால் கேமரா தேதி கேட்கும், இப்படிப் பதில் சொல்லுங்கள் என்று தொடங்கும். கேமராவில் படம் பதியும் கார்டைப் பிரின்ட் போடக் கொடுத்தால் படத்தைப் பார்த்து வாங்கிய பிறகுதான் அழிக்க வேண்டும் என்று போகும். அவ்வளவும் கவுண்டரில் மக்கள் என்னிடம் வந்து சொன்ன தவறுகள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அச்சடித்தார். பிறகு அந்தத் தாளைக் கேட்டே எங்கள் கடையைத் தேடி வந்தவர்கள் உண்டு, பக்கத்துக் கடைக்காரர் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டதும் உண்டு. எழுதியவர் பெயர் அதில் இல்லை. எழுதியவள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு புத்தகம் தேவையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விமலா கடைசியாகக் கடைக்கு வந்ததையும் கேளுங்கள். அந்த வரிசைக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே மாடி வீடு கிடைத்து, குடிபோன பிறகு வந்தார். கார்டைக் கொடுத்துப் பிரின்ட் கேட்டார். புது வீட்டுச் சமையலறை, அதில் குழாய், குழாயின் கீழே அதே பச்சைக் குடம், நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் முதலில் மூலையைப் பார்த்தேன். தேதி சரி. படமும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

விமலாவுக்குத் திருப்தி இல்லை. படத்தில் குழாய்க்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"தண்ணி வுழறது பொகை மாதிரி வந்துருக்கு மேடம். துளித்துளியா வரணும்னா இன்னா பண்ணணும்?"

ஆங்கிலம்தான், படித்துச் சொல்ல நான் இருக்கிறேன் என்று சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். அதற்குப் புத்தகத்தில் பக்கம் இருந்தது.